மறையும் முன்னே படம்பிடித்தவர்: லின்னேயஸ் டிரைப்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஆயகலைகள் அறுபத்து நான்கு என்பர் நம் முன்னோர். அந்தப் பட்டியலில் இடம்பெறாத கலை ஒன்று 1839ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதுவே புகைப்படக் கலை. ஒளியைக் கொண்டு எழுதும் அக்கலை இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் குடியிருக்கிறது. ஆனால் நம் கைப்பேசிகளைத் திறந்து பார்த்தால் அவற்றில் இருப்பவை பெரும்பாலும் முகங்களே. நாம் நிற்கும் மண்ணையும், நமக்குப் பின்னால் விரிந்திருக்கும் வானையும் நீரையும் மரத்தையும் படமெடுத்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. இயற்கைக் காட்சிகளைப் படம்பிடிக்கக் கற்க விரும்பும் தொடக்க நிலை மாணவர்க்கு, தமிழகத்தில் மாட்டு வண்டியில் சுற்றி அக்கலையைச் செய்து காட்டிய ஒருவரின் வாழ்க்கையே நல்ல பாடமாக அமையும். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப்.

அவரைப் பற்றி நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் பிள்ளைச்சாவடியைச் சேர்ந்தவள். அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் ஆயா சில நேரம் கரையில் நின்றுகொண்டு, அதோ அலை உடைகிற இடத்தில்தான் தன் கல்யாணப் பந்தல் போட்டார்கள் என்று சொல்வார். அவர் வாழ்ந்த வீடு, வாசலில் இருந்த தென்னை, வலை உலர்த்திய மணல்மேடு எல்லாம் இப்போது கடலுக்குள் இருக்கின்றன. சென்ற ஆண்டு ஒருநாள் அந்தப் பழைய வீட்டின் படம் ஏதாவது இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். வீட்டிலிருந்த கல்யாண ஆல்பங்களையெல்லாம் புரட்டினேன். மாலையும் கழுத்துமாக முகங்கள், முகங்கள், முகங்கள். ஒரே ஒரு படத்தில் மட்டும் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் பாதித் தென்னை தெரிந்தது. அந்தப் பாதித் தென்னையை ஆயா நெடுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே வேதியியல் வகுப்பில் வெள்ளி உப்புகளைப் பற்றிய பாடம் வந்தது. அப்போது எங்கள் பேராசிரியர், 1858ஆம் ஆண்டிலேயே சில்வர் அயோடைடு ஏற்றிய காகிதத்தைக் கொண்டு மதுரையையும் தஞ்சையையும் ஒருவர் படம்பிடித்தார் என்று போகிற போக்கில் குறிப்பிட்டார். நூலகத்திலும், பிறகு வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் படத்தொகுப்புகளிலும் அவரைத் தேடிப் பிடித்தேன். நான் அறிந்துகொண்டதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இளமையும் பயிற்சியும்

லின்னேயஸ் டிரைப் 1822ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் பகுதியில் உள்ள துறைமுக ஊரில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட பெரிய குடும்பத்தில் அவர் ஒன்பதாமவர். பதினாறு வயதில், 1838ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்தார். சென்னை மாகாணக் காலாட்படை ஒன்றில் அதிகாரியாக 1840களைத் தென்னிந்தியாவில் கழித்தார். அதுவரை அவருடைய வாழ்வில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கான ஆங்கில இளைஞர்கள் வந்த வழியில்தான் அவரும் வந்தார்.

1850ஆம் ஆண்டில் விடுப்பில் தாய்நாடு திரும்பியவர், உடல்நலக் குறைவால் 1854 வரை அங்கேயே தங்க நேர்ந்தது. அந்த ஓய்வுக் காலத்தில்தான் புகைப்படக் கலை அவரைப் பற்றிக்கொண்டது. 1853ஆம் ஆண்டில் லண்டன் புகைப்படக் கழகம் தொடங்கப்பட்ட போதே அதில் உறுப்பினரானார். முப்பது வயதைத் தாண்டிய ஒரு படைவீரர் ஒரு புதிய கலையின் முதல் வகுப்பில் மாணவராக உட்கார்ந்தார் எனலாம்.

1854ஆம் ஆண்டில் பெங்களூருக்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் பேலூர், ஹளேபீடு ஆகிய இடங்களிலுள்ள ஹொய்சளர் கோயில்களைப் படமெடுத்தார். 1855ஆம் ஆண்டு சென்னையில் நடந்த பெரும் பொருட்காட்சியில் அவருடைய 68 படங்கள் வைக்கப்பட்டு முதல் வகுப்புப் பதக்கம் பெற்றன. அதுவரை எவரும் படமெடுத்திராத கோயில்களை மக்கள் காகிதத்தில் கண்டனர்.

காகிதத்தில் விழுந்த ஒளி

இன்று ஒரு பொத்தானைத் தொட்டால் படம் வந்துவிடுகிறது. டிரைப் காலத்தில் ஒரு படம் என்பது ஒரு முழுச் சோதனைச்சாலை வேலை. நல்ல காகிதத்தை முதலில் மெழுகில் தோய்த்து எடுப்பார்கள். இதனால் காகிதத்தின் நார்கள் மறைந்து, ஒளி அதன் ஊடே தடையின்றிச் செல்லும். பிறகு பொட்டாசியம் அயோடைடு கலந்த கரைசலில் ஊறவைத்து உலர்த்துவார்கள். அதன்பின் இருட்டறையில் சில்வர் நைட்ரேட் கரைசலில் இட்டால் காகிதத்துக்குள்ளேயே சில்வர் அயோடைடு உருவாகும். அந்தக் காகிதத்தைக் கேமராவில் வைத்து, நிமிடக்கணக்கில் ஒளியைக் காட்டி, காலிக் அமிலத்தில் உருத்துலக்கி, ஹைப்போ கரைசலில் நிலைப்படுத்த வேண்டும். அப்போது கிடைப்பது வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் மாறிய எதிர்ப்படம். அதை மற்றொரு காகிதத்தோடு ஒட்டி வைத்து வெயிலில் காட்டினால்தான் நேர்ப்படம்.

நமது ஆய்வகத்தில் சில்வர் நைட்ரேட் ஒரு துளி விரலில் பட்டாலே நாலைந்து நாள் கறை போவதில்லை. அந்த மனிதரின் கைகள் எத்தனை ஆண்டுகள் கறுத்துக் கிடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

மெழுகுக் காகித முறையைப் பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லே கிரே 1851ஆம் ஆண்டில் வெளியிட்டார். இதில் ஒரு பெரும் வசதி உண்டு. கண்ணாடித் தகட்டு முறையில் ஈரம் உலருமுன் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். மெழுகுக் காகிதத்தையோ சில நாட்கள் முன்பே தயாரித்து எடுத்துச் செல்லலாம். நீண்ட பயணம் செய்பவர்க்கு ஏற்ற முறை இது. நாளைய படத்துக்கு இன்றே ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதே இதிலிருந்து தொடக்க மாணவர் கற்கும் முதற்பாடம். கைப்பேசிக்கும் இது பொருந்தும். மின்னேற்றம் இருக்கிறதா, இடம் இருக்கிறதா என்று முதல்நாள் இரவே பார்த்துவிட வேண்டும். எங்களைப் போலக் கடற்கரையில் வாழ்பவர்கள் லென்சின் மேல் படிந்த உப்பையும் மெல்லிய துணியால் துடைத்துவிட வேண்டும். உப்புப் படிந்த லென்சு எடுக்கும் படத்தில் கடலும் வானும் ஒரே புகையாகத் தெரியும்.

பர்மாவில்

1855ஆம் ஆண்டு, பர்மா மன்னர் மிண்டோனிடம் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அக்குழுவின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக டிரைப் சென்றார். ஐராவதி ஆற்றின் வழியே தலைநகரான அமரபுரத்தை அடைந்தனர். மன்னர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஆகவே தூது வெற்றி பெறவில்லை. ஆனால் டிரைப் இருநூறுக்கும் மேற்பட்ட எதிர்ப்படங்களோடு திரும்பினார். மேகமூட்டமும் நோயும் குறுக்கிட்டன. ஒரு படம் சரியாக அமையாவிட்டால் மறுபடி எடுக்க வாய்ப்பும் இல்லை. அவ்வளவுக்கும் இடையே எடுத்தவற்றிலிருந்து 120 படங்களைத் தேர்ந்து, பெங்களூரில் 50 தொகுதிகள் அச்சிட்டார். கூட்டிப் பார்த்தால் 6,000 படங்கள்! ஒவ்வொன்றும் வெயிலில் வைத்துக் கையால் எடுத்தவை.

இரண்டே ஆண்டுகளில், 1857ஆம் ஆண்டில், மன்னர் மிண்டோன் மாண்டலே என்னும் புதிய தலைநகரை அமைக்கத் தொடங்கினார். அமரபுரத்தின் மரக் கட்டடங்கள் பிரித்து எடுக்கப்பட்டுப் புதிய நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. டிரைப் கண்ட அமரபுரம் அதன்பின் அவருடைய படங்களில்தான் முழுமையாக நின்றது. இதைப் படித்தபோது என் நெஞ்சில் ஆயாவின் பாதித் தென்னை வந்து நின்றது.

தமிழகப் பயணம்

1856ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு டிரைப்பைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. அப்போது கவர்னராக இருந்தவர் ஹாரிஸ் பிரபு. 1857 டிசம்பரில் டிரைப் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். வடக்கே பெருங்கிளர்ச்சி எரிந்துகொண்டிருந்த காலம் அது. அவரோ பெரிய கேமராவையும் காகிதக் கட்டுகளையும் இரசாயனப் புட்டிகளையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு தெற்கே வந்தார். இராயக்கோட்டை, சேலம் பகுதி, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று 1858ஆம் ஆண்டில் அவர் சென்ற வழியை வரைந்தால் அது தமிழகத்தின் பாதி வரைபடமாகிவிடும்.

அவர் கேமரா எடுத்த எதிர்ப்படம் ஏறத்தாழ 15 அங்குல நீளமும் 10 அங்குலத்துக்கும் மேற்பட்ட அகலமும் கொண்டது. அதைத் தாங்கும் கருவி எத்துணைப் பெரியதாக இருந்திருக்கும்! அதை முக்காலியின் மேல் அசையாமல் நிறுத்தினால்தான் படம். இது இரண்டாம் பாடம். நம்மிடம் முக்காலி இல்லாவிட்டால் ஒரு மதிற்சுவர் போதும். கைப்பேசியைச் சுவர்மேல் சாய்த்து வைத்து எடுத்தால் விடியற்காலை மங்கலிலும் படம் தெளிவாக வரும். கரையில் ஏற்றிவைத்த படகின் விளிம்பும் உதவும். ஆனால் தண்ணீரில் நிற்கும் படகு உதவாது.

மதுரைக்கு அருகே யானைமலை இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் யானையைப் போலத் தோன்றும். எல்லோரும் அந்தக் கோலத்தைத்தான் அறிவார்கள். டிரைப் அம்மலையை அதன் ஒரு முனையிலிருந்தும் படமெடுத்தார். நாம் ஓர் இடத்துக்குப் போனவுடன், நின்ற இடத்திலேயே கையை உயர்த்திப் படமெடுத்துத் திரும்பிவிடுகிறோம். பத்து அடி இடப்பக்கம் நகர்ந்தால் என்ன, சற்றுக் குனிந்தால் என்ன என்று பார்ப்பதில்லை. முதலில் காலால் சுற்று, பிறகு கண்ணால் பார், கடைசியில் படமெடு என்பது மூன்றாம் பாடம்.

வைகை ஆற்றையும், அதைக் குறுக்கே கடந்து மதுரைக்குள் செல்லும் பாதையையும் சேர்த்து அவர் எடுத்த படமும் குறிப்பிடத்தக்கது. ஊரைக் காட்ட வேண்டுமானால் ஊருக்குப் போகும் வழியையும் காட்ட வேண்டும். வெறும் நீரும் வானுமாக எடுத்தால் பார்ப்பவர் கண்ணுக்குப் பிடிப்பு இராது. முன்னால் ஒரு வலைக்குவியலோ ஒரு பாதையோ ஒரு மரமோ இருந்தால் கண் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடக்கும். தொடுவானக் கோடு சாயாமல் இருக்க வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். நான் முதலில் எடுத்த படங்களில் வங்கக்கடல் முழுவதும் சென்னைப் பக்கமாக வழிந்தோடுவது போல் இருந்தது!

ஒளியும் வானமும்

சில்வர் அயோடைடு நீல ஒளிக்கே மிகுதியாக வினைபுரியும். அதனால் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெற்று வெளுப்பாகவோ திட்டுத் திட்டாகவோ வரும். டிரைப் எதிர்ப்படத்தின் மேல் வண்ணம் பூசி அக்குறையைச் சரிசெய்தார். சில படங்களில் மேகங்களையும் தூரிகையால் தீட்டினார். மரங்களின் இலைக் கொத்துகளைத் திருத்தியதும் உண்டு. இது சரியா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். அக்கருவியால் காண முடியாததைக் கண் கண்டது. கண் கண்டதை அவர் கையால் சேர்த்தார். ஆனால் கோயிலில் இல்லாத தூணை அவர் சேர்க்கவில்லை. நாம் இன்று கைப்பேசியில் வண்ணம் கூட்டும்போதும் இந்த எல்லையை நினைவில் வைப்பது நன்று. ஒளியைத் திருத்தலாம், உண்மையைத் திருத்தலாகாது.

ஒளியைப் பற்றி எங்கள் கடற்கரை எனக்குக் கற்றுத் தந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரை கிழக்குப் பார்த்தது. காலையில் கடலை எடுத்தால் சூரியன் எதிரே நின்று கேமராவின் கண்ணைக் கூசச் செய்யும். சூரியன் எழுவதற்குச் சற்று முன்பு, கீழ்வானம் வெளுக்கும் வேளையே கடலுக்கு ஏற்றது. எழுந்த பிறகு திரும்பி நின்று ஊரைப் பார்க்க வேண்டும். சாய்ந்த வெயிலில் மணலின் ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு காலடியும் நிழலோடு துலங்கும். நண்பகலில் நிழல் காலடியில் ஒடுங்கிவிடுவதால் மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும். மாலையில் வெயில் நிலத்தின் பக்கமிருந்து வருவதால் கடல் தன் உண்மையான நிறத்தைக் காட்டும். இதையெல்லாம் அப்பா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. வாடைக்காற்றின் நாளில் வானம் எப்படி வெளுக்கும், சோழகக் காற்றின் நாளில் எப்படி மங்கும் என்று அவர் சொன்னவற்றைத்தான் நான் படமாக எடுத்துப் பார்த்தேன்.

கல்லில் எழுத்தும் கப்பலேறிய கல்லும்

டிரைப்பின் படங்களில் என்னைப் பெரிதும் கவர்ந்தது தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுப் படமாகும். ஒரே படத்தில் அடங்காத அந்த எழுத்து வரிசையை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒரே தூரமும் ஒரே உயரமும் மாறாமல் எடுத்தாலன்றி இது கைகூடாது. அக்கல்வெட்டுகள் நூலாக அச்சேறத் தொடங்கியது 1891ஆம் ஆண்டில். அதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவை ஒளியால் படியெடுக்கப்பட்டுவிட்டன.

அதே 1858ஆம் ஆண்டில் சென்னையில், அமராவதித் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்களையும் படமெடுத்தார். மறு ஆண்டே அச்சிற்பங்கள் லண்டனுக்குக் கப்பலேறின. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலையும் அவர் எடுத்தார். அது சிதைந்து கிடந்த நிலை. பின்னர் நேப்பியர் பிரபு கவர்னராக இருந்த காலத்தில் அது செப்பனிடப்பட்டது. இடிந்து கிடந்தபோது எப்படி இருந்தது என்பதற்கு டிரைப்பின் படங்களே சாட்சி.

நின்றுபோன பணி

இவ்வளவும் செய்தவருக்கு என்ன கிடைத்தது? 1859ஆம் ஆண்டில் புதிய கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெலியன், மாகாணத்தின் நிதி நிலைமைக்கு இப்பணி ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதி நிறுத்திவிட்டார். கிளர்ச்சிக்குப் பின் கருவூலம் காய்ந்திருந்தது உண்மைதான். 1860ஆம் ஆண்டுக்குள் அவர் பணிமனை மூடப்பட்டது. அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயதுகூட முழுமையாக ஆகியிருக்குமோ ஆகாதோ. மீண்டும் படைப்பணிக்குத் திரும்பினார். கேமராவைப் பெரும்பாலும் தொடவில்லை. 1870களில் ஓய்வுபெற்றுத் தாயகம் சென்று, 1902ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் தன் எழுபத்தொன்பதாம் வயதில் காலமானார்.

கம்பெனியின் படை அதிகாரி அவர். ஆள வந்தவர்களின் கணக்குப் புத்தகத்துக்காகவே அப்படங்கள் எடுக்கப்பட்டன என்பதை நான் மறக்கவில்லை. வண்டி ஓட்டியவரும் புட்டி சுமந்தவரும் தண்ணீர் கொண்டுவந்தவரும் நம் மக்கள். படங்கள் பெரும்பாலானவற்றில் மனிதரே இல்லை. ஆயினும் 1858ஆம் ஆண்டின் வைகையைக் காண வேண்டுமானால் நாம் அவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. முனைந்து பணிசெய்த அந்தச் சில ஆண்டுகளே அவரை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழவைக்கின்றன. 2014, 2015ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களின் பெரிய அருங்காட்சியகங்கள் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தன.

நான் செய்து பார்த்தது

டிரைப்பின் கதையை ஆயாவிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, அந்த ஆள் நம்ம ஊர்ப்பக்கம் வரவில்லையா என்று மட்டும் கேட்டார். வரவில்லை என்றேன். அப்படியானால் நீயே எடுத்து வை என்று சொல்லிவிட்டார்.

சென்ற தை மாதத்திலிருந்து எடுக்கிறேன். ஒவ்வோர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் விடியலில், கோயில் மதிலின் அதே மூலையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, அதே திசையில் ஒரு படம். நாள், நேரம், காற்று ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். இருட்டோடு தனியே போகாதே என்று ஆயாவும் உடன் வருவார். கரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொள்வார். அப்பாவுக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. கடல் நாளைக்கும் இங்கேதானே இருக்கும், அதற்கு எதற்குப் படம் என்றார்.

தேர்வு நேரத்தில் இரண்டு தடவை தவறிப் போனது. ஆவணி வரை பதினான்கு படங்கள் சேர்ந்தன. ஒரு படத்தை மட்டும் பார்த்தால் சாதாரணக் கடற்கரைதான். பதினான்கையும் வரிசையாக வைத்தால் கதை வேறு. முதற் படத்தில் பனைமரம் ஒன்று மணலில் ஊன்றி நிற்கிறது. ஒன்பதாம் படத்தில் அதன் வேர்கள் வெளியே தெரிகின்றன. பன்னிரண்டாம் படத்தில் பனை இல்லை. நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டு முழுதும் கணக்கிட்டால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அதன் வழியில் எங்கேனும் தடை எழுந்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை தேயும். இதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அப்பாவோ அந்தப் பதினான்கு படங்களில் பார்த்தார்.

ஒன்றும் பேசாமல் கைப்பேசியை வாங்கி மறுபடியும் முதலிலிருந்து தள்ளிப் பார்த்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்தார் கூடியிருந்த இடத்துக்குப் போனார். அவர்கள் இதுவரை எத்தனையோ மனு எழுதியிருக்கிறார்கள். மனுவோடு இணைக்க அவர்களிடம் ஒரு படமும் இருந்ததில்லை. நாள், நேரம் எழுதிய என் நோட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அன்பு மாணவ நண்பர்களே! உங்கள் ஊரில் ஏரி இருக்கலாம், தோப்பு இருக்கலாம், இடியும் நிலையில் ஒரு சத்திரம் இருக்கலாம். விலை உயர்ந்த கேமரா வேண்டுவதில்லை. ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், நாளைக் குறித்துக்கொண்டு எடுங்கள். கடல் நாளைக்கும் அங்கேதான் இருக்கும். கரை இருக்குமா என்பதே கேள்வி.

அடுத்த அமாவாசைக்கு நானும் ஆயாவும் மதில் மூலைக்குப் போவோம். இம்முறை அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.